இரட்டைக்கிளவி

புளியரை வளைவில் ஏறும்போது ஒரு சத்தம்.
ஆரியங்காவு இறக்கத்தில் வேறு.
கோட்டைவாசலில் செக்போஸ்ட் தாண்டி
அந்தப் பக்கத்து ரோட்டில் சக்கரம் பட்டதும்
இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று.

முருங்கைக்காய் பன்னிரண்டு கட்டு,
சின்ன வெங்காயம் பதினெட்டு மூட்டை.
பாவூர்சத்திரத்தில் ஏற்றினால்
விடியுமுன் புனலூரில் இறக்க வேண்டும்.
நான் ஓட்டினேன்.
உச்சிமாகாளி பின்னால் மூட்டைகளுக்கிடையே குப்புறப் படுத்து
காதைத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தார்.
தாலி கட்டிய நாளிலிருந்து என் பேச்சை
அவ்வளவு கவனமாக அவர் கேட்டதில்லை.
தென்மலை வந்ததும் கத்தினார்:
"கடகட இல்லட்டி. டொக். ஒண்ணே ஒண்ணு."

பத்தாம் வகுப்பில் படித்தது:
இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது.
செங்கோட்டையில், திவான் மைதீன் பட்டறையில்
இலக்கணம் தலைகீழ்.
கடகட என்றால் பின்கதவுக் கொண்டி,
ஒரு துண்டு டியூப் வெட்டிக் கொடுத்தால் போதும்.
கிறீச் கிறீச் என்றால் காய்ந்த பட்டை.
ஒரு குடம் தண்ணீரைக் கமான் பட்டையில் ஊற்றி
பம்பரில் ஏறி நின்று குதித்தார்;
தண்ணீரைக் குடித்துவிட்டு அது வாயை மூடிக்கொண்டது.
"இதுக்கெல்லாம் நீங்க முழிச்சிருக்க வேண்டாம்.
ஒத்தையா விழுது பாருங்க, அதுக்குத்தான்."

ஜாக்கி போட்டுத் தூக்கி
முன்சக்கரத்தைக் கடிகாரமாக்கினார்.
பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டினார்:
அம்மிக்கல்.
ஒன்பதிலும் மூன்றிலும்
பால்பல் ஆடுவதுபோல ஒரு நூல் அசைவு.

வண்டியை மறுபடி தரையில் இறக்கி
"உள்ளங்கைய இங்க வைங்க" என்றார்.
"காதை நம்பக் கூடாது.
சேசிஸ் சத்தத்தை இழுத்துக்கிட்டுப் போயி
வேற எங்கயாவது விட்டுரும்."
சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தேன்.
டை ராடு முனையைப் பொத்திப் பிடித்தேன்.
மேலே இவர் ஸ்டீயரிங்கை இம்மி இடம், இம்மி வலம்.
வந்தது.
காதுக்கு எட்டுமுன் முழங்கை வரை ஏறிவிட்டது.

"வாங்குன அன்னைக்கு இது இருந்துச்சா?"

இல்லை.
குஞ்ஞச்சன் தானே தோட்டத்து ரோட்டில் ஓட்டிக் காட்டினார்.
ஒற்றை விரலில் திரும்பியது.
எட்டு வருஷத்தில் ஒரு நட்டு மாற்றவில்லை என்று
சத்தியம் செய்யாத குறை.

திவான் மைதீன் சிரிக்கவில்லை.
"பழைய வண்டியில சத்தம் இருந்தா அது வண்டி.
இல்லைன்னா
ஏன் இல்லைன்னு கேட்டிருக்கணும்."

முனையைத் தட்டிக் கழற்றி, கிழிந்த ரப்பர் தொப்பியை விலக்கி
ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டிச் சுரண்டி
என் கையில் வைத்தார்:
ஒட்டுப்பால்.
மரத்தில் கட்டிய சிரட்டையின் அடியில்
வடித்தது போக மிச்சம் காய்ந்து கிடக்குமே, அது.
கிரீஸில் ஊறி, நசுங்கி, பொடிந்து,
அந்த வாடை மட்டும் அப்படியே.
மூன்று வாரம் தாங்கியிருக்கிறது.
மூன்று வாரம், ஒரு டன் காய்கறியும்
நானும் இவரும்
அந்த நகக்கண் அளவு பாலில் தொங்கிக்கொண்டு
மலையேறி இறங்கியிருக்கிறோம்.

புதியது மாட்டுமுன்
பழையதையே ஒரு தடவை கோக்கச் சொன்னேன்.
போன் போட்டேன்.
"எந்தா, வண்டி சுகமல்லே?"
பதில் சொல்லாமல் போனை முனைக்குப் பக்கத்தில் நீட்டினேன்.
இவர் திருப்பினார்.
டொக்.
இன்னொரு தடவை.
டொக்.

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
மூச்சுக்கூட.

திவான் மைதீன் கைத்துணியில் விரல்களைத் துடைத்தபடி
காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.
"அங்கயும் அடைச்சு வச்சிருக்கு" என்றார்.

முனை இரண்டுக்கும் ஆயிரத்து எழுநூறு.
அலைன்மென்ட் காலையில்தான்.
அன்றைய வெங்காயம்
வேறொருவர் வண்டியில் போனது.